குடும்பத்தோடு தீவுக் கடற்கரை: பிள்ளைகளைக் கடலில் எவ்வளவு தூரம் விடலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஒரு வாரத்துக்கு வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்குப் போகிறீர்கள். 3 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே 67 வயது மாமியார். கணவருக்கு நீச்சல்குளத்தில் நீந்திப் பழக்கம். மற்ற யாருக்கும் நீச்சல் தெரியாது. இரண்டு ஹோட்டல்களைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றின் முன்னால் அலையடிக்கும் திறந்த கடல், இன்னொன்றின் முன்னால் பவளப்பாறைக்கு உட்புறம் தேங்கி நிற்கிற ஆழமில்லாத தண்ணீர். எதை எடுப்பது, பிள்ளைகளுக்குக் காற்றடைத்த வளையம் வாங்கினால் போதுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் விஷயம் கடைசி வரியில்தான் இருக்கிறது: நாங்களும் கொஞ்சம் நிம்மதியாக உட்கார முடியுமா? அதை மனதில் வைத்துத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

பல வருடம் கடற்கரையில் உயிர்காப்பாளராக நின்றவன் நான். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கடல், மீட்பு, முதலுதவி மூன்றும் என் தொழில். மருத்துவர் இல்லை. மாமியார் சாப்பிடும் மாத்திரை, பிள்ளைகளின் ஒவ்வாமை இதெல்லாம் உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. தீவின் பெயரையோ போகும் மாதத்தையோ நீங்கள் சொல்லவில்லை. அதனால் ஒரு குறிப்பிட்ட கரையைப் பற்றி "அங்கே பயமில்லை" என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டேன். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: இரண்டாவது ஹோட்டல், அதுவும் சில விவரங்களைக் கேட்டு உறுதி செய்த பிறகு. வளையம் போதாது. நிம்மதியாக உட்காரலாம், ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது.

ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதற்கு முன்னால், அது தீவின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வெப்பமண்டலத்தில் காற்று ஏனோதானோ என்று அடிப்பதில்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே வடகிழக்கிலிருந்தும், தெற்கே தென்கிழக்கிலிருந்தும் வருடத்தின் பெரும்பகுதி வணிகக் காற்று வீசும். அது நேராக மோதுகிற கரையில் அலை ஓயாது. தீவின் மறைவில் இருக்கிற கரை அமைதியாக இருக்கும். பார்படோஸில் மேற்குக் கரை குளம் மாதிரி கிடக்கும் நாளிலேயே கிழக்கே பாத்ஷீபாவில் அலைச்சறுக்கு வீரர்கள் கூடியிருப்பார்கள். மொரிஷியஸிலும் தென்கிழக்குக் காற்றுக்கு மறைவான மேற்குக் கரைதான் பொதுவாகச் சாந்தமானது.

பருவக்காற்று அடிக்கிற தீவுகளில் கணக்கு வருடத்துக்கு இரண்டு முறை தலைகீழாக மாறும். இலங்கையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரை கொந்தளிக்கும். அதே மாதங்களில் கிழக்கே பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம். புக்கெட்டின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை சிவப்புக் கொடி பறக்கும் நாட்கள் நிறைய. ஹோட்டல் படத்தில் இருக்கிற கண்ணாடித் தண்ணீர் பொய்யில்லை. அது ஜனவரியில் எடுத்த படம், நீங்கள் போகப் போவது ஜூலையில், அவ்வளவுதான். காற்றை மட்டும் வைத்தும் முடிவு கட்ட முடியாது. ஹவாயின் ஓவாஹு தீவில் வடக்குக் கரை கோடையில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். குளிர்காலத்தில், எங்கோ வட பசிபிக்கில் அடித்த புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து வீடு உயரத்துக்கு எழும். அன்று கரையில் இலைகூட அசையாமல் இருக்கலாம்.

மறைவான கரையிலும் ஒரு பொறி இருக்கிறது. அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அலை இல்லை, தண்ணீர் தெளிவு, பிள்ளை காற்றடைத்த அன்னத்தின் மேல் உட்கார்ந்து சிரிக்கிறது. இரண்டு நிமிடம் வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் அன்னம் ஐம்பது மீட்டர் தள்ளிப் போயிருக்கும். காற்றடைத்த பொம்மை தண்ணீரில் பாய்மரம் போலத்தான் வேலை செய்யும். துடுப்புப் போட்டோ நீந்தியோ அதைப் பிடிக்கப் போகிறவர்தான் பல சமயம் சிக்கிக்கொள்கிறார். அதனால் வளையம், அன்னம், காற்று மெத்தை எல்லாம் ஹோட்டல் நீச்சல்குளத்தோடு நிற்கட்டும். கடலுக்கு வேண்டியது உடம்பு எடைக்குப் பொருந்துகிற லைஃப் ஜாக்கெட், சின்னவனுக்குக் கால் இடுக்கு வழியாக மாட்டும் பட்டையோடு. போட்டுவிட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிய அளவு. வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பெரியவர்கள் அளவு கிடைக்கும், 3 வயதுக்குக் கிடைப்பது அதிர்ஷ்டம்.

இரண்டாவது ஹோட்டலை ஏன் சொன்னேன் என்றால், பவளப்பாறை வரம்பு அலையின் பெரும்பகுதி விசையைத் தானே வாங்கிக்கொள்ளும். பாலியில் இது கண்கூடு: குட்டாவில் அலை உடைந்துகொண்டிருக்கும், அதிக தூரமில்லாத சனூரில் பாறைக்கு உட்புறம் குழந்தைகள் உட்கார்ந்து விளையாடுவார்கள். நீங்கள் முன்பதிவு செய்யுமுன் செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்தக் கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடலில் வெள்ளை நுரைக் கோடு தெரிகிற இடம் பாறை வரம்பு. கரைக்கும் அதற்கும் நடுவில் வெளிர்பச்சையாக இருப்பது ஆழமில்லாத தண்ணீர். அந்தக் கோட்டை அறுத்துக்கொண்டு கருநீலமாக ஒரு பட்டை கடலுக்குப் போகிறதா? அது வாய்க்கால். அலை பாறையைத் தாண்டி உள்ளே கொட்டுகிற தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். கடல் வற்றும் நேரத்திலும், வெளியே அலை பெரிதாக இருக்கும் நாளிலும் அங்கே இழுப்பு கடுமையாக இருக்கும். ஹோட்டலின் படகுத்துறை பெரும்பாலும் அந்த வாய்க்காலை ஒட்டியே இருக்கும், ஏனென்றால் படகுக்கு ஆழம் வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

இந்த மாதிரிக் கரையின் குறை, வற்றத்தில் சில இடங்களில் முழங்கால் நனையக்கூடத் தண்ணீர் இருக்காது. பாறையும் கடல் முள்ளெலியும் வெளியே தெரியும். பெரும்பாலான இடங்களில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் அது சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 9 மணிக்கு நல்ல தண்ணீர் என்றால் நாளை 10 மணிக்குச் சற்று முன். ஏற்ற வற்ற நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்து அன்றைய திட்டத்தைப் போடுங்கள். எல்லார் காலிலும் தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பு இருக்கட்டும். பவளம் கீறிய புண் சின்னதாகத் தெரிந்தாலும் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுவதுதான் முக்கியமான சிகிச்சை.

அப்படியும் ஒரு நாளாவது திறந்த கடலுக்குப் போவீர்கள், யாரும் போகாமல் இருந்ததில்லை. அன்று வந்ததும் துண்டை விரிக்காமல், கொஞ்சம் மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் சும்மா பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும். நீங்கள் வந்த நேரம் இரண்டு கூட்டத்துக்கு நடுவிலான ஓய்வாக இருக்கலாம். இருபக்கமும் அலை உடைந்து நுரைக்கும்போது நடுவில் ஓரிடத்தில் மட்டும் உடையாமல், கருப்பாக, சமமாகத் தெரிகிறதா? மணல் கலங்கிய தண்ணீரோ நுரையோ அங்கிருந்து கடலை நோக்கிப் போகிறதா? அதுதான் ரிப் கரண்ட், கரையிலிருந்து கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம். குடும்பங்கள் பிள்ளைகளை இறக்கத் தேர்ந்தெடுக்கிற இடமும் பெரும்பாலும் அதுதான், அலை இல்லையே என்று. இன்னொன்று, கரையின் சரிவு. மணல் பொடியாக இருந்தால் கரை தட்டையாகவும் ஆழம் மெதுவாகவும் கூடும். பருமணல் என்றால் சரிவு செங்குத்து. நாலு எட்டு வைத்தால் கழுத்தளவு, அலையும் நேராகக் கரையிலேயே வந்து விழும். அந்தக் கரையில் 3 வயதுப் பிள்ளைக்குக் கணுக்கால் தண்ணீர்கூட அதிகம், திரும்பிப் போகிற தண்ணீரே காலை வாரிவிடும்.

ரிப்பில் மாட்டினால் என்ன செய்வது என்பதில் உறுதியானதையும் வாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். அது ஆளைக் கீழே இழுக்காது, வெளியே கொண்டுபோகும், இது உறுதி. எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப் போவீர்கள், இதுவும் உறுதி. ரிப் சில சமயம் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும், ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. வாதம் அதற்கு அடுத்த படியில்தான். கரைக்கு இணையாக நீந்தி வெளியே வா என்பது பழைய பாடம். 2010இல் கலிபோர்னியாவின் மான்டரேயில் இருக்கும் கடற்படை ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் மிதவைகளை ரிப்பில் விட்டுப் பார்த்த முடிவுகள் வெளிவந்தன: 80 முதல் 90 சதவீதம் ஆழ்கடலுக்குப் போகாமல், சுழன்று அலை உடையும் பகுதிக்கே திரும்பின. அப்படியானால் சும்மா மிதந்தாலே போதுமே என்று ஒரு சாரார் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஆட்களையே இறக்கிச் செய்த சோதனைகளில் இரண்டு வழியும் சில நேரம் பலித்தது, சில நேரம் பலிக்கவில்லை. நான் கற்றுக்கொடுப்பது: முதலில் மல்லாந்து மித, மூச்சு ஒரு நிலைக்கு வரட்டும், கையைத் தூக்கிக் காட்டு, இழுப்பு தளர்ந்த பிறகு அலை உடைகிற பக்கமாக நீந்து. உங்கள் 9 வயதுப் பிள்ளைக்குப் போகுமுன் ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுக்க நேரமிருந்தால், மல்லாந்து மிதக்கச் சொல்லிக்கொடுங்கள்.

உங்கள் கணவரிடம் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளை இழுபடுவதைப் பார்த்தால் பாய்ந்துவிடத்தான் தோன்றும். வெறுங்கையோடு பாய்ந்த பெற்றோர் மூழ்கி, பிள்ளை பிழைத்த சம்பவங்கள் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். மிதக்கிற எதையாவது எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்: ஜாக்கெட், அலைப்பலகை, மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் கேன், எதுவானாலும். உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு இறங்குங்கள். நீச்சல்குளத்தில் நாற்பது சுற்றுப் போடுகிறவர் கடலில் ஐந்து நிமிடத்தில் திணறுவது சாதாரணம்.

சரி, நிம்மதியாக உட்காரும் விஷயத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள்; கிட்டத்தட்ட நாலில் ஒருவர் 5 வயதுக்குக் கீழ். ஆறு, கிணறு, குளம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. தீவுச் சுற்றுலாக் கணக்கு இல்லை. ஆனால் மூழ்கும் விதம் எங்கும் ஒன்றுதான்: சத்தமில்லாமல். மூச்சுக்குத் திணறுகிற பிள்ளையால் கத்த முடியாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழும் போய்வரும், தலை பின்னால் சாயும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், ஏணியில் ஏறப் பார்க்கிற மாதிரி. ஒரு நிமிடம்கூட எடுக்காது. கரையில் நாலு பெரியவர்கள் இருந்தும் இது நடக்கும். அடுத்தவர் பார்க்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

இதற்கு நான் பார்த்தவரை வேலை செய்கிற ஒரே ஏற்பாடு முறை வைத்துப் பார்ப்பது. இருபது நிமிடம் ஒருவர். அந்த நேரத்தில் அவர் கையில் போன் இல்லை, புத்தகம் இல்லை, மதுக் கோப்பை இல்லை. முறை மாறும்போது "இனி நீ பார்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், "சரி, நான் பார்க்கிறேன்" என்று பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால் முறை மாறவில்லை என்று அர்த்தம். 3 வயதுப் பிள்ளைக்கு இதுவும் போதாது, அவன் எப்போதும் கை எட்டும் தூரத்தில். முறையில் இல்லாத மற்ற இருவரும் காலை நீட்டிக்கொண்டு தூங்கலாம், குற்ற உணர்வே வேண்டாம். மாமியாரை இந்த முறையில் சேர்க்காதீர்கள். ஓடித் தூக்க முடியாதவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுப்பது அவருக்கும் பாரம். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் நீச்சல் உடை எடுங்கள். வெளிர்நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் காணாமல் போய்விடும்.

தண்ணீரிலிருந்து தூக்கிய பிள்ளை மூச்சு விடவில்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள். முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், பிறகு நெஞ்சமுக்கம். நெஞ்சை மட்டும் அமுக்குவது மூழ்கியவருக்குப் போதாது. ஒரு நாள் பயிற்சி வகுப்பில் இதைக் கற்றுக்கொள்ளலாம், போகுமுன் நீங்கள் இருவரும் போய் வாருங்கள். "உலர் மூழ்கல்", அதாவது கொஞ்சம் தண்ணீர் குடித்த பிள்ளை நன்றாக விளையாடிவிட்டு ஒரு வாரம் கழித்து இறந்துபோகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவ அமைப்புகள் அந்தச் சொல்லையே ஏற்பதில்லை. உண்மை இவ்வளவுதான்: தண்ணீரில் திணறிய பிள்ளைக்கு அடுத்த சில மணி நேரத்தில் விடாத இருமலோ, மூச்சு வாங்குவதோ, வழக்கமில்லாத சோர்வோ வந்தால் உடனே மருத்துவமனை.

கொட்டுகிற பிராணிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிள்ளைகள் சங்கு பொறுக்குவார்கள். இந்திய, பசிபிக் பெருங்கடல் தீவுகளில் கூம்பு வடிவத்தில், அழகான வலைக்கோலம் போட்ட சங்கு கிடைத்தால் கையில் எடுக்கவே கூடாது. உள்ளே உயிரோடு இருக்கும் நத்தை விஷ ஊசி போடும். சில இனங்களின் விஷம் ஆளைக் கொல்லும், மாற்று மருந்தும் கிடையாது. ஜெல்லி மீன் கொட்டினால் சிறுநீர் ஊற்றுவது, மணல் தேய்ப்பது இரண்டும் வேண்டாம். கொடிய விஷமுள்ள பெட்டி ஜெல்லி மீன் இருக்கும் கடல் என்றால் வினிகர் ஊற்றுவதுதான் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. நீலக் குப்பி மாதிரி மிதக்கும் போர்த்துகீசியப் போர்க்கப்பல் ஜெல்லிக்கு வினிகரா வேண்டாமா என்பதில் நாட்டுக்கு நாடு வழிகாட்டுதல் மாறுகிறது. வலிக்கு 45 டிகிரி வெந்நீர் உதவும் என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். கல்மீனோ திருக்கையோ காலில் குத்தினாலும் முதலில் வெந்நீர்தான், பெரியவர் கையை விட்டுச் சூடு பார்த்த பிறகு. அப்புறம் மருத்துவமனை.

வெயிலுக்கு நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் தோலைச் சுடும் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு வெப்பமண்டலத்தில் நண்பகலில் 11ஐத் தாண்டுவது சாதாரணம், மேகம் பெரிதாகக் காப்பாற்றாது. நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரம் பிள்ளைகள் கூரைக்குக் கீழே இருக்கட்டும். முழுக்கை நீச்சல் சட்டை எந்த சன்ஸ்கிரீனையும்விட மேல், அது கரையாது. மூடாத இடத்துக்கு மட்டும் கிரீம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பசிபிக் தீவு நாடான பலாவ் 2020லும் ஹவாய் 2021லும், பவளத்துக்குக் கெடுதல் என்று ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் உள்ள சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடுத்தன, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். நிஜக் கடலில் அது கலக்கும் அளவு பவளத்தைக் கொல்கிறதா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. கடல் சூடாவதால் பவளம் வெளுத்துச் சாவதில் வாதம் இல்லை.

மாமியாருக்கு ஸ்நார்கல், அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்துகொண்டே கடலுக்குள் பார்க்கும் ஆசை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஹவாயில் நடுத்தர வயதைத் தாண்டிய சுற்றுலாப் பயணிகள் ஸ்நார்கல் செய்யும்போது இறப்பது தனியாக ஆராயப்பட்ட பிரச்சினை. குழாய் வழியாகச் சிரமப்பட்டு மூச்சிழுப்பதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக் காரணமாகலாம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. முழுமுக முகமூடிதான் காரணம் என்ற சந்தேகம் நிரூபிக்கப்படவில்லை. இதயமோ இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவர் சரி என்ற பிறகு, சாதாரண முகமூடி, மிதவைச் சட்டை, நின்றால் கால் எட்டும் ஆழம், பக்கத்தில் ஒருவர். மூச்சு வாங்கினால் உடனே எழுந்து நிற்க வேண்டும், முகமூடியைக் கழற்றிவிட்டு.

பணம் கட்டுமுன் ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள்: கரை எந்தத் திசையைப் பார்க்கிறது? நாங்கள் வரும் மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து? வற்றத்தில் கரையோரம் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? வாய்க்கால் எங்கே? உயிர்காப்பாளர் உண்டா, எத்தனை மணி வரை? மருத்துவமனைக்குக் காரிலா படகிலா, இரவில் படகு ஓடுமா? கொடிக்கு அங்கே என்ன அர்த்தம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சிவப்பு, மஞ்சள் பாதிப்பாதியாக இருக்கும் இரண்டு கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம் என்பது பல நாடுகளில் பொது, மற்ற நிறங்கள் இடத்துக்கு இடம் மாறும். "கடல் ரொம்ப அழகாக இருக்கும்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த ஹோட்டலைப் பாருங்கள். தீவின் பெயரும் மாதமும் முடிவானதும் சொல்லுங்கள், அந்தக் கரையின் வரைபடத்தைப் பார்த்து வாய்க்காலும் பாறையும் எங்கே இருக்கின்றன என்று என்னால் முடிந்தவரை காட்டுகிறேன்.